கடல் உள்ளே வந்த நாளை வரைவது: ஆற்றுமா, கிளறுமா?

கேள்வி: நெய்தல்மகள்

அனைவருக்கும் வணக்கம். நான் நாகப்பட்டினத்தை அடுத்த ஒரு மீனவக் கிராமத்தில் பிறந்தவள். 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆழிப்பேரலை வந்தபோது எனக்குப் பத்து வயது, என் தங்கைக்கு ஆறு வயது. எங்கள் மாவட்டத்தில் மட்டும் 6,000-க்கும் மேற்பட்டவர்களைக் கொண்டுபோன அந்தக் காலையில் அவளும் போய்விட்டாள். வீடு இருந்த இடமே தெரியாமல் போனதால் அவளுடைய புகைப்படம் ஒன்றுகூட மிஞ்சவில்லை. அதன் பிறகு படித்தேன், வேலைக்குச் சென்றேன், திருமணமாகி இப்போது வேறு ஊரில் வசிக்கிறேன். அந்த நாளைப் பற்றி நான் யாரிடமும் விரிவாகப் பேசியதில்லை. ஊரில் ஏறக்குறைய எல்லா வீட்டிலும் சாவு விழுந்திருந்ததால் யாரும் யாரிடமும் தனியே சொல்லி அழ வேண்டியதில்லை என்று நாங்கள் நினைத்துக்கொண்டோம்.

என் மகளுக்கு ஆறு வயது நிறைந்த பிறகு, காரணம் எனக்கே சரியாக விளங்காமல், கரிக்குச்சிகளும் பெரிய தாள்களும் வாங்கி, வீட்டில் எல்லோரும் உறங்கிய பின் வரையத் தொடங்கினேன். நான் ஓவியம் முறையாகக் கற்றவள் அல்லள். எதை வரைய உட்கார்ந்தாலும் கடைசியில் கறுப்பு அலைதான் வருகிறது. அலையின் அடிப்பகுதி எவ்வளவு இருட்டானாலும் இன்னும் போதவில்லை என்று தோன்ற, குச்சி ஒடியும்வரை அழுத்துகிறேன். தாளின் மேற்பரப்பு தேய்ந்து நார்நாராகப் பிரிந்துவிடுகிறது. இடது ஓரத்தில் ஒரு சிறிய இடத்தை மட்டும் கரி படாமல் விட்டுவிடுகிறேன். தங்கை அங்கேதான் இருக்கிறாள். அவளுடைய முகத்தை வரைய முயன்றால் என் மகளின் முகம் வந்துவிடுகிறது.

வரைந்து முடித்த சில இரவுகளில் நெஞ்சுப் பாரம் சற்று இறங்கியதுபோல் இருக்கிறது. வேறு சில இரவுகளில் விடியும்வரை தூக்கம் வருவதில்லை. சேற்று வாடையும் டீசல் வாடையும் மூக்கிலேயே நிற்கின்றன. என் அம்மா இந்தப் படங்களைப் பார்த்துவிட்டு, எதை வேண்டுமானாலும் வரை, அவள் முகத்தை மட்டும் வரையாதே என்றார். அந்த முகம் தமக்கு இன்றும் நினைவிருக்கிறது என்றும், நான் ஒன்றை வரைந்து வைத்துவிட்டால் பிறகு கண்ணை மூடினால் அந்தப் படம்தான் வரும் என்றும் சொன்னார். இதற்கிடையே, ஊரில் நடக்கவிருக்கும் நினைவஞ்சலியில் இந்தப் படங்களை வைக்கலாமா என்று உறவினர் ஒருவர் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

நான் செய்வது துயரத்தை ஆற்றுகிறதா, அல்லது ஆறிவந்த ஒன்றை மறுபடி கிளறுகிறதா? தொடர்ந்து வரைவது நல்லது என்றால், எப்படி வரைவது நல்லது? இவ்வழியில் சென்றவர்களோ, இதை அறிந்தவர்களோ சொன்னால் நன்றியுடையவளாக இருப்பேன்.

மறுமொழி: கரித்துண்டு

அன்புள்ள சகோதரிக்கு வணக்கம். நான் ஓவியம் கற்பிப்பவன். உங்கள் கேள்வியைப் படித்ததும் ஜெர்மனியைச் சேர்ந்த ஓவியரும் சிற்பியுமான கேத்தே கோல்விட்ஸ்தான் நினைவுக்கு வந்தார். அவருடைய வாழ்க்கையைச் சற்று விரிவாகச் சொல்ல அனுமதியுங்கள், ஏனெனில் உங்கள் கேள்விகள் ஏறக்குறைய அனைத்தையும் அவர் பதினெட்டு ஆண்டுகள் சுமந்திருக்கிறார்.

அவர் 1867-ல் பிறந்தவர். பெர்லினில் ஏழைத் தொழிலாளர்களுக்கு மருத்துவம் பார்த்த கார்ல் கோல்விட்ஸின் மனைவி. 1914-ல் முதல் உலகப்போர் தொடங்கியபோது அவர்களுடைய இளைய மகன் பீட்டருக்குப் பதினெட்டு வயது. போருக்குத் தானாக முன்வந்து செல்ல அவனுக்குத் தந்தையின் ஒப்புதல் தேவைப்பட்டது. தந்தை தயங்கினார், தாய்தான் மகனுக்காகப் பேசி அவரை இணங்க வைத்தார். அதே ஆண்டு அக்டோபரில் பெல்ஜியத்தில் பீட்டர் இறந்தான். இந்தத் தாயின் துக்கத்தோடு என்ன கலந்திருந்திருக்கும் என்பதை நான் விளக்க வேண்டியதில்லை.

அந்த டிசம்பரிலேயே மகனுக்கு ஒரு நினைவுச்சிலை செய்ய அவர் முடிவு செய்தார். மகன் உடல் நீட்டிக் கிடக்க, தலைமாட்டில் தந்தையும் கால்மாட்டில் தாயும் இருப்பதாக முதல் வடிவம் அமைந்தது. ஆண்டுக்கணக்கில் அதில் உழைத்தும் அது கூடிவரவில்லை. 1919-ல் அந்த வேலையைக் கைவிட்டார். இந்த இடத்தைத்தான் நீங்கள் கவனிக்க வேண்டும் என்று கருதுகிறேன். துயரத்தைக் கலையாக்கியவர் என்று உலகம் போற்றும் ஒருவருக்கே, தம் துயரத்தின் மையத்தில் இருந்த உருவத்தை ஐந்து ஆண்டுகள் முயன்றும் செய்ய இயலவில்லை. ஆனால் அவர் கலையை விட்டுவிடவில்லை. போரைப் பற்றிய படங்களைச் செப்புத்தகட்டில் செய்து பார்த்தார், கல்லச்சில் செய்து பார்த்தார், இரண்டிலும் நிறைவு கிடைக்கவில்லை. 1920-ல் எர்ன்ஸ்ட் பார்லாக் என்ற சிற்பியின் மரச்செதுக்குப் படங்களைக் கண்ட பிறகு மரத்துக்கு மாறினார். மரச்செதுக்கில் மென்மையான நிழலுக்கு இடமில்லை. உளி எடுத்த இடம் வெள்ளை, விட்ட இடம் கறுப்பு, அவ்வளவுதான். 1923-ல் வெளிவந்த அந்த ஏழு படங்களில் ஒன்றில் தாயும் தந்தையும் முழங்காலிட்டு ஒருவர்மேல் ஒருவர் கவிழ்ந்து ஒரே கரிய திரளாகக் கிடக்கிறார்கள். அதில் மகன் இல்லை, போர்க்களமும் இல்லை.

பின்னர் சிலை வேலைக்குத் திரும்பியபோதும் அப்படியே நடந்தது. 1932-ல் பெல்ஜியத்தில், மகன் புதைக்கப்பட்டிருந்த இடுகாட்டில் அவர் நிறுவிய கற்சிலைகள் இரண்டே: முழங்காலிட்ட தந்தை, முழங்காலிட்ட தாய். மகனின் உருவம் அங்கே இல்லை. தாய் குனிந்து தரையை நோக்குகிறாள். தந்தை நிமிர்ந்து, தன் கைகளால் தன்னையே இறுக்கிக்கொண்டிருக்கிறார். இருவரும் ஒருவரையொருவர் தொடவில்லை, தனித்தனிப் பீடங்களில் இருக்கிறார்கள். தாயின் முகம் அவருடையது, தந்தையின் முகம் கார்லுடையது. 1950-களில் மகனின் கல்லறையோடு சேர்த்து அச்சிலைகளும் விளாட்ஸ்லோ என்ற ஊரின் இடுகாட்டுக்கு மாற்றப்பட்டன. இன்றும் அங்கேதான் உள்ளன.

இறந்தவனை வடிப்பதில் தொடங்கியவர் எஞ்சியவர்களை வடிப்பதில் போய்ச் சேர்ந்தார். நான் கற்றுக்கொண்டது இதுதான். நடந்த நிகழ்ச்சி உங்கள் கையில் இல்லாதது. அதை எத்தனை முறை வரைந்தாலும் அது உங்களுக்குக் கட்டுப்படாது. அந்த நிகழ்ச்சி உங்களிடம் விட்டுச்சென்ற நிலையோ உங்கள் உடலிலேயே இருப்பதால் அதைப் பார்த்து வரைய முடியும். நீங்கள் அலையின் அடிப்பகுதியைக் கறுப்பாக்கிக் கொண்டிருக்கும்போது உங்கள் தோள் எப்படி இருக்கிறது, விரல்கள் குச்சியை எப்படிப் பிடித்திருக்கின்றன என்று ஒரு கண்ணாடியை வைத்துப் பார்த்து வரையுங்கள். கோல்விட்ஸ் வாழ்நாள் முழுவதும் கண்ணாடி பார்த்து வரைந்தவர். 1903-ல், இறந்த குழந்தையை அணைத்திருக்கும் ஒரு தாயைச் செப்புத்தகட்டில் செய்ய, ஏழு வயதுப் பீட்டரைக் கையில் ஏந்திக் கண்ணாடி முன் அமர்ந்து தம்மையே வரைந்தார். அவன் இறப்பதற்குப் பதினோரு ஆண்டுகளுக்கு முன் அது. அதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் கலங்கும்.

அந்தக் கரி படாத இடத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். அதை நிரப்பியாக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. முகம் வரவில்லை என்பதை நீங்கள் ஒரு தோல்வியாகச் சொல்கிறீர்கள். ஓவியம் கற்பிப்பவனாகச் சொல்கிறேன், அந்தப் படத்தில் நீங்கள் தெரிந்தே எடுத்த முடிவு அந்த வெள்ளை ஒன்றுதான்.

கலை அவருடைய காயத்தை மூடிவிட்டது என்று நான் சொல்ல மாட்டேன். 1942-ல், அதே பீட்டர் என்ற பெயர் சூட்டப்பட்டிருந்த பேரனும் இரண்டாம் உலகப்போரில் இறந்தான். அவர் தம் நாட்குறிப்பில் மகனைப் பற்றிக் கடைசி ஆண்டுகள் வரை எழுதிக்கொண்டிருந்தார். துயரம் இருந்தது, அதனோடு என்ன செய்வது என்பது மட்டும் அவருக்குத் தெரிந்திருந்தது.

மறுமொழி: மருதத்திணை

நான் மனநல ஆலோசனைத் துறையில் பணிபுரிகிறேன். முந்தைய மறுமொழியை மதித்து, அதில் இடம்பெறாத சிலவற்றைச் சொல்கிறேன்.

முதலில் ஒரு வேறுபாடு. வேதனையான ஒன்றை வரைந்துவிட்டு அழுவது வேறு. வரையும்போது அந்த இடத்துக்கே திரும்பிப் போய்விடுவது வேறு. அழும்போது, இது எனக்கு நடந்தது, இப்போது நான் என் வீட்டில் இருக்கிறேன் என்ற உணர்வு இருக்கும். வாடை மூக்கில் நிற்பதும் உடல் நடுங்குவதும் தூக்கம் அறவே போவதும், மூளை அந்தக் காலையை நடந்து முடிந்ததாக எடுத்துக்கொள்ளாமல் நடந்துகொண்டிருப்பதாகவே எடுத்துக்கொள்வதன் அறிகுறிகள். ஆகவே உங்கள் கேள்விக்கு ஒரே விடை இல்லை. உங்களுக்கு இரண்டும் நடக்கின்றன. எந்த இரவில் எது நடக்கிறது என்பதை நீங்கள் கண்டுகொள்ள வேண்டும்.

1986-ல் ஜேம்ஸ் பென்னிபேக்கரும் சாண்ட்ரா பீலும் அமெரிக்கக் கல்லூரி மாணவர்களிடம் செய்த ஆய்வு இத்துறையில் பெரிதும் பேசப்படுவது. தொடர்ந்து நான்கு நாள்கள், நாளுக்கு 15 நிமிடம், தம் வாழ்வின் மிக வேதனையான அனுபவத்தை எழுதச் செய்தார்கள். எழுதி முடித்த உடனே அவர்களுடைய மனநிலை மோசமாகத்தான் இருந்தது. ஆனால் அடுத்த ஆறு மாதங்களில், நடந்ததையும் அப்போது உணர்ந்ததையும் சேர்த்து எழுதியவர்கள் மருத்துவ மையத்துக்குச் சென்றது குறைந்தது. உணர்ச்சியை மட்டும் எழுதியவர்களுக்கும் நிகழ்ச்சியை மட்டும் எழுதியவர்களுக்கும் அந்த அளவுக்குப் பயன் தெரியவில்லை. பின்னர் வந்த பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தவர்கள் இந்தப் பயன் சிறிய அளவினது என்றே சொல்கிறார்கள். ஆகவே இதை மருந்தாக நம்பிவிட வேண்டாம். எனினும் அதில் உங்களுக்குப் பொருந்தும் ஒரு செய்தி உண்டு. உங்கள் அலையில் உணர்ச்சி முழுவதும் இருக்கிறது; நிகழ்ச்சி இல்லை. எந்தத் தெரு, யார் கூப்பிட்டார்கள், எந்தத் திசையில் ஓடினீர்கள், அன்று மாலை யார் உங்களுக்குச் சோறு போட்டார்கள் என்பதெல்லாம் படத்துக்கு வெளியே நிற்கின்றன.

உங்கள் கரையோடு தொடர்புடைய இன்னொரு ஆய்வும் உண்டு. ஆழிப்பேரலைக்குப் பின் சில வாரங்களிலேயே இலங்கையின் வடகிழக்கில் ஒரு முகாமில், போரையும் அலையையும் ஒருசேரக் கண்ட 31 பிள்ளைகளுக்கு ஆறு அமர்வுகள் நடத்தினார்கள். ஒரு பிரிவினர் தம் வாழ்க்கைக் கதையைப் பிறப்பிலிருந்து வரிசையாகச் சொன்னார்கள். இம்முறையில் ஒரு கயிற்றைத் தரையில் நீட்டி, நல்ல நிகழ்ச்சிகளுக்குப் பூவும் கொடிய நிகழ்ச்சிகளுக்குக் கல்லும் வைத்து, ஒவ்வொன்றாகப் பேசிக்கொண்டு நகர்வது வழக்கம். மற்றப் பிரிவினருக்குத் தியானமும் உடல் தளர்த்தலும் கற்பிக்கப்பட்டன. ஆறு மாதங்களுக்குப் பின் இரு பிரிவிலும் பெரும்பாலான பிள்ளைகள் தேறியிருந்தார்கள். இரண்டுக்கும் இடையே பெரிய வேறுபாடு தெரியவில்லை. இதிலிருந்து நான் எடுத்துக்கொள்வது, நினைவைத் திறந்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் எவருக்கும் இல்லை என்பதும், திறப்பதானால் கல்லின் இரு பக்கமும் கயிறு நீள்வதைப் பார்க்க வேண்டும் என்பதும்தான். உங்கள் படங்கள் எல்லாம் கல்லிலேயே நிற்கின்றன. அலைக்கு முந்தைய சனிக்கிழமையை ஒரு தாளில் வரையுங்கள். தகரக் கொட்டகையில் கழிந்த முதல் வாரத்தை இன்னொரு தாளில் வரையுங்கள். மூன்றையும் சுவரில் வரிசையாக ஒட்டிப் பாருங்கள்.

நேரத்தையும் மாற்றுங்கள். எல்லோரும் உறங்கிய பிறகு தனியாக இதில் இறங்க வேண்டாம். பகலில், வீட்டில் ஒருவர் விழித்திருக்கும்போது, கடிகாரத்தில் அலாரம் வைத்து வரையுங்கள். அலாரம் அடித்ததும் குளிர்ந்த நீரில் கையைக் கழுவிக் கரியைப் போக்குங்கள். கரி போவதைக் கண்ணால் பார்ப்பதும் நீரின் குளிர்ச்சியை உணர்வதும் உடலை நிகழ்காலத்துக்குக் கொண்டுவரும்.

தூக்கமின்மையும் வாடையும் வாரக்கணக்கில் தொடர்ந்தால் தயங்காமல் மனநல மருத்துவரைப் பாருங்கள். மாவட்ட மனநலத் திட்டத்தின் கீழ் அரசு மருத்துவமனைகளிலேயே இந்த உதவி கிடைக்கிறது. அரசின் மனநலத் தொலைபேசி உதவியான டெலி மானஸின் 14416 என்ற எண்ணை எந்த நேரத்திலும் கட்டணமின்றி அழைத்துத் தமிழிலேயே பேசலாம். கரிக்குச்சியை இதற்கு மாற்றாகக் கொள்ள வேண்டாம். இரண்டும் சேர்ந்தே நடக்கலாம்.

மறுமொழி: வாவிக்கரை

அன்புத் தங்கைக்கு, மட்டக்களப்பிலிருந்து எழுதுகிறேன். நான் சித்திரப் பாட ஆசிரியை. உங்களுக்கு வந்த அதே காலையில் எங்கள் நாவலடியையும் கடல் எடுத்தது. எங்கள் நாட்டில் 30,000-க்கும் மேற்பட்டவர்கள் மாண்டார்கள். அதற்கு முன்பே எங்கள் பிள்ளைகள் யுத்தத்தைக் கண்டிருந்தார்கள் என்பதால், எதை வரையச் சொல்வது, எதைச் சொல்லாமல் விடுவது என்ற கேள்வி எங்களுக்குப் பழையது.

1996-ல் மட்டக்களப்பில் வண்ணத்துப்பூச்சிப் பூங்கா என்ற ஓர் இடம் தொடங்கப்பட்டது. யுத்தத்தால் பாதிக்கப்பட்ட தமிழ், முஸ்லிம் கிராமங்களின் பிள்ளைகளைப் பேருந்தில் அழைத்துவந்து, களிமண்ணிலும் வண்ணத்திலும் கதையிலும் விளையாட விட்டார்கள். உனக்கு நடந்த கொடுமையை வரை என்று எந்தப் பிள்ளையையும் கேட்பதில்லை. பிள்ளை தானாகக் கொண்டுவந்தால் ஏற்றுக்கொள்வார்கள். அங்கே நடந்ததைப் பார்த்த பிறகு நானும் வகுப்பில் அப்படியே நடக்கக் கற்றுக்கொண்டேன். அலைக்குப் பின் எங்கள் பாடசாலைக்கு வந்த நல்ல மனிதர்கள் சிலர் வண்ணக் கட்டிகளைக் கொடுத்து அலையை வரையுங்கள் என்றார்கள். பிள்ளைகளும் வரைந்தார்கள், வந்தவர்கள் படங்களை எடுத்துச் சென்றார்கள். அந்தப் பிள்ளைகளுக்கு அதனால் ஏதும் மிஞ்சியதாக எனக்குத் தெரியவில்லை. பிள்ளையின் கையை விட்டுப் படம் போகும்போது அதை யார் வைத்திருப்பார், பிள்ளை கேட்டால் திரும்பக் கிடைக்குமா என்பதை யாரும் யோசிக்கவில்லை. அந்தக் கோபம் எனக்கு இன்றும் உண்டு.

நான் சொல்ல வந்தது வேறு. யாழ்ப்பாணத்து ஓவியர் தா. சனாதனன், இடம்பெயர்ந்த மக்களிடம் சென்று அவர்கள் இழந்த வீட்டின் தள வரைபடத்தை நினைவிலிருந்து வரைந்து தரும்படி கேட்டார். எங்கள் பக்கத்தில் காணிப் பதிவேட்டைத் தோம்பு என்போம். அந்தப் பதிவேட்டுக் கோப்பின் அமைப்பிலேயே 2011-ல் ஒரு நூலாக அது வந்தது. ஒவ்வொரு வீட்டுக்கும் உரியவர் கைப்பட வரைந்த கோணல்மாணலான வரைபடம் இருக்கும். அதையே ஒரு கட்டடக் கலைஞர் அளவோடு திருத்தி வரைந்த படம் இருக்கும். பிறகு ஓவியர் தாமே வரைந்த படம் இருக்கும். சித்திரம் வராது என்று சொல்லும் மனிதர்கள்கூட வீட்டின் தளத்தை வரைந்துவிடுவார்கள். கிணறு எங்கே, மாமரம் எங்கே, சாமியறை எங்கே என்று கை தானாகப் போகும். அழுகை வரும், ஆனால் அந்த அழுகைக்கு நிற்க ஓர் இடம் இருக்கும்.

நீங்கள் உங்கள் தாயாருடன் உட்கார்ந்து அந்த வீட்டை வரையுங்கள். பெரிய தாள் ஒன்றை நிலத்தில் விரித்து, அடுப்படி எந்தப் பக்கம், வலை எங்கே கிடந்தது, குடங்கள் எந்தச் சுவரோரம் இருந்தன, இரவில் யார் யாருக்குப் பக்கத்தில் படுத்தீர்கள் என்று அவரைக் கேட்டுக் கேட்டுக் கோடு போடுங்கள். பத்து வயதுப் பிள்ளையாகிய உங்களுக்குத் தெரியாதது பலதும் அவருக்குத் தெரிந்திருக்கும். தங்கை படுத்த இடத்தை அவரே தம் விரலால் காட்டுவார். அங்கே முகம் தேவைப்படாது. அவர் முகத்தை வரையாதே என்று சொன்னதை மறுப்பாக மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டாம் என்று நினைக்கிறேன். புகைப்படம் இல்லாத வீட்டில் அந்த முகத்துக்கு இருக்கும் ஒரே காப்பகம் அவர்தான்; அதைக் காக்கும் பொறுப்பை அவர் இத்தனை ஆண்டுகளாகத் தனியே செய்துவருகிறார். அவருக்கு அதில் ஒரு துணை வேண்டும்.

நெய்தல்மகள்

மூவருக்கும் என் மனமார்ந்த நன்றி. அம்மாவிடம் வீட்டின் வரைபடத்தைப் பற்றிச் சொன்னேன். உடனே அவர், பின்வாசல் நான் நினைத்திருந்த பக்கத்தில் இல்லை என்றும், தெற்கே இருந்தது என்றும் திருத்தினார். இன்னும் தாளை விரிக்கவில்லை. அதற்குள்ளேயே பேச்சு அரைமணி நேரம் போனது. தங்கை பிறந்தது அந்தப் பின்வாசல் அறையில்தான் என்பதை இப்போதுதான் அறிந்தேன்.

பகலில் வரைவதையும் தொடங்கியிருக்கிறேன். ஆனால் ஒன்றை வெளிப்படையாகக் கேட்க வேண்டும். அலையை வரைய வேண்டாம் என்றுதான் எல்லோரும் சொல்வதாக எனக்குப் படுகிறது. எனக்கோ அதை வரைந்தே ஆக வேண்டும் என்று கை துடிக்கிறது. இதை அடக்கத்தான் வேண்டுமா? நினைவஞ்சலியைப் பற்றியும் இன்னும் முடிவெடுக்க இயலவில்லை.

மறுமொழி: வெண்தாள்

அம்மா, நீங்கள் அலையை வரையலாம். இவ்விஷயத்தில் முந்தைய மறுமொழிகளிலிருந்து நான் சற்று வேறுபடுகிறேன். கோல்விட்ஸ் நிகழ்ச்சியை விட்டு விலகி வந்தார் என்பது உண்மை. ஆனால் நிகழ்ச்சியின் நடுவிலேயே நின்று வரைந்தவர்களும் உண்டு.

மெக்சிகோவின் ஓவியர் ஃப்ரீடா காலோ 1932 ஜூலையில் அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில் தம் கருவை இழந்தார். அதே ஆண்டில் அதை வரைந்தார். மருத்துவமனைக் கட்டிலில் குருதி படிந்த விரிப்பின்மேல் அவர் படுத்திருக்கிறார், கன்னத்தில் ஒரு பெரிய கண்ணீர்த்துளி. அவருடைய கையிலிருந்து ஆறு சிவப்பு நாடாக்கள் கிளம்பி, கரு, நத்தை, இடுப்பெலும்பு, ஒரு மலர், ஓர் இயந்திரம், உடற்கூற்று மாதிரி ஒன்று என ஆறு பொருள்களில் போய் முடிகின்றன. இதைவிட நேராக ஒருவர் தம் பேரிழப்பை வரைய முடியாது. ஆனால் அவர் செய்த விதத்தைப் பாருங்கள். ஒரு சிறிய உலோகத் தகட்டில் வரைந்தார். அதன் அகலம் ஏறக்குறைய 38 சென்டிமீட்டர்தான். நோயிலிருந்தோ விபத்திலிருந்தோ பிழைத்தவர்கள் நன்றிக்கடனாகத் தகரத்தில் சிறு படம் வரைந்து தேவாலயத்தில் வைப்பது அவருடைய நாட்டு மக்களின் வழக்கம். அந்த வடிவத்தை எடுத்துக்கொண்டார். உங்கள் மாவட்டத்து வேளாங்கண்ணியில் நேர்ந்துகொண்டவர்கள் வெள்ளியில் கையும் காலும் கண்ணும் செய்து வைப்பதை நீங்கள் சிறுவயதிலிருந்தே பார்த்திருப்பீர்கள்; அதற்கு நெருங்கிய உறவு இது. அங்கே வலி முழுவதும் ஒரே இருட்டாகக் கொட்டப்படவில்லை. ஆறாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொன்றும் தன் இடத்தில் வைக்கப்பட்டு, எல்லாவற்றின் நுனியும் அவருடைய கையில் இருக்கிறது.

ஆகவே பெரிய தாளையும் கரியையும் சிறிது காலம் ஒதுக்கி வையுங்கள். கரி முடிவே இல்லாமல் கறுப்பாகிக்கொண்டே போகக்கூடிய பொருள். பெரிய தாள் உடல் முழுவதையும் உள்ளே இழுக்கும். அஞ்சலட்டை அளவுள்ள கெட்டி அட்டையில், மைப்பேனாவால், அலையை வரையுங்கள். மையை ஒருமுறை இட்டால் அதற்குமேல் கறுப்பாக்க முடியாது. அலை கொண்டுவந்த பொருள்களை ஒவ்வோர் அட்டையில் ஒன்றாக வரையுங்கள்: படகின் உடைந்த பலகை, டீசல் கேன், யாருடையதோ ஒரு செருப்பு. அந்த வாடைகூட அந்தக் கேனிலிருந்து வந்ததாக இருக்கலாம். அதற்கும் ஓர் அட்டை கொடுங்கள்.

நினைவஞ்சலியைப் பற்றி என் கருத்தை உறுதியாகவே சொல்கிறேன். அங்கே வருபவர்கள் ஓவியக் கண்காட்சிக்கு வருபவர்கள் அல்லர்; அவரவர் தம் வீட்டுச் சாவுக்கு விளக்கேற்ற வருகிறார்கள். உங்களுக்கு அலையை வரையும் உரிமை முழுமையாக உண்டு, ஆனால் விளக்கேற்ற வந்த ஒரு தாயை அந்த அலையின் முன் கொண்டுபோய் நிறுத்தும் உரிமை யாருக்கும் இல்லை. இந்த ஆண்டு எதையும் கொடுக்க வேண்டியதில்லை என்பது முதல் தெரிவு. உறவினர் வருத்தப்பட்டால் படட்டும். கொடுப்பதானால், அம்மா சம்மதித்தால், வீட்டின் வரைபடத்தை மட்டும் கொடுங்கள். அதன் பக்கத்தில் வெற்றுத் தாள்களும் பென்சில்களும் வைக்கச் சொல்லுங்கள். ஊர்க்காரர்கள் தங்கள் வீட்டைத் தாங்களே வரைந்து வைக்க விரும்பக்கூடும். அலைப் படங்களையும் வைப்பது என்று பின்னாளில் முடிவெடுத்தால், விளக்கேற்றும் இடத்திலிருந்து கண்ணில் படாத தனி அறையில் வையுங்கள். உள்ளே என்ன இருக்கிறது என்பதை வாசலில் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டச் சொல்லுங்கள். படங்கள் உங்களுடையவை என்றும், எந்த நேரத்திலும் திரும்ப எடுத்துக்கொள்வீர்கள் என்றும், யாரும் கைப்பேசியில் படம் பிடித்துப் பரப்பக் கூடாது என்றும் முன்கூட்டியே அந்த உறவினரிடம் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.